ரெண்டு கையெழுத்து

பிட்டர்: ...அப்ப இருபத்திநாலு பெட்டியையும் கையால தொட்டுப் பாத்த?

செக்கர்: அதான் சொன்னேனே மச்சான். மூணாவது தடவையா கேக்குறீங்க.

பிட்டர்: இல்ல மாப்ள... என் சட்டைப் பையில ஒரு பின் மிஞ்சியிருக்கு.

செக்கர்: இருக்கட்டும். நாளைக்கு ஆகும்.

பிட்டர்: ராட்டினத்துல இருபத்திநாலு பெட்டி. இருபத்திநாலு பின் எண்ணித்தான் எடுத்தேன். பழசெல்லாம் நேத்தே கழட்டியாச்சு. ஒண்ணு கையில இருக்குன்னா, ஏதோ ஒரு பெட்டி பின் இல்லாம தொங்குது. அச்சு நழுவுனா...

செக்கர்: எண்ணுறப்போ தப்பியிருக்கும். கண்ணாடிய நெத்தியில வச்சுக்கிட்டே வீடு பூரா தேடுற ஆளு நீங்க.

பிட்டர்: விளையாடாத மாப்ள.

ஆபரேட்டர்: அண்ணே... ஆள ஏத்தட்டுமா? வரிசை கேட்டத் தாண்டிருச்சு. ஸ்கூல் பிள்ளைங்களே ரெண்டு பஸ்ல வந்திருக்கு.

செக்கர்: ஏத்துங்கம்மா.

பிட்டர்: கொஞ்சம் இரும்மா.

ஆபரேட்டர்: யாராவது ஒருத்தர் சொல்லுங்க.

பிட்டர்: இருன்னா இரு.

செக்கர்: மச்சான், போன வாரம் என்னாச்சு? சத்தம் வருதுன்னு நிறுத்துனோம். பாத்தா கிரீஸ் காஞ்சிருக்கு, அவ்வளவுதான். எல்லார் முன்னாடியும் மேனேஜர் என்ன சொன்னாரு?

பிட்டர்: இன்னொரு தடவ சும்மா நிறுத்துனா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்கன்னாரு.

செக்கர்: உங்க தங்கச்சிக்கு இது ஏழாவது மாசம். நான் இப்ப வேலையில்லாம...

பிட்டர்: அவள ஏன் இழுக்குற? பதினெட்டாவது பெட்டி எப்படி இருந்துச்சு, அதச் சொல்லு.

செக்கர்: நல்லாத்தான் இருந்துச்சு.

பிட்டர்: பின் இருந்துச்சா?

செக்கர்: இருந்துச்சு.

பிட்டர்: கண்ணால பாத்த?

செக்கர்: வரிசையப் பாருங்க மச்சான், பிள்ளைங்க வெயில்ல நிக்குது.

பிட்டர்: மாப்ள.

செக்கர்: நான் சுத்தியே பாக்கல மச்சான். வந்தேன்... செக்கிங் சீட்டுல உங்க கையெழுத்து இருந்துச்சு. மச்சான் பூட்டுன வேலையில நான் என்ன குத்தம் கண்டுபிடிக்கப் போறேன்னு பக்கத்துலயே என்னதையும் போட்டுட்டேன்.

பிட்டர்: குத்தம் கண்டுபிடிக்கத்தானேடா உனக்குச் சம்பளம்.

செக்கர்: தப்புதான். ஆனா ஒரே ஒரு பின்னுக்காக...

பிட்டர்: ஒண்ணு இல்ல. ஒன்பது.

செக்கர்: என்னது?

பிட்டர்: பைய நீயே பாரு. பதினஞ்சு பூட்டுனதும் கரண்ட் போச்சு. அதுக்குள்ள கப்பல் ஊஞ்சல்ல வேலைன்னு கூப்பிட்டாங்க. சீட்டுல முதல்லயே கையெழுத்துப் போட்டுட்டுத்தான் நான் வேலைய ஆரம்பிப்பேன், உனக்கே தெரியும். நீ எப்படியும் ஒரு சுத்து பாப்ப, பின் இல்லன்னு கூப்பிடுவ, அப்ப வந்து பூட்டிக்கலாம்னு போயிட்டேன்.

செக்கர்: அப்ப ஒண்ணுன்னு சொன்னது... என் வாயப் பிடுங்கவா?

பிட்டர்: நீ முதல்ல ஒத்துக்கிட்டா என் தப்பு பாதியாத் தெரியும்னு நெனச்சேன். சொல்லவே கூசுது.

செக்கர்: மேனேஜர்கிட்ட யாரு சொல்றது?

பிட்டர்: நான் போறேன். ஏம்மா, கேட்டப் பூட்டு. ஒருத்தரையும் ஏத்தாத.

ஆபரேட்டர்: பூட்டிட்டேன்ணே...

செக்கர்: நீங்க ஏம்மா அழுறீங்க? தப்பு எங்களோடது.

ஆபரேட்டர்: காலையில நீங்க பின் பூட்ட ஒவ்வொரு பெட்டியா ராட்டினத்தச் சுத்திக் குடுத்தவ நான்தானே. பதினஞ்சோட நின்னது எனக்குத் தெரியும்ணே. சீட்டுல ரெண்டு கையெழுத்தையும் பாத்தேன்... பெரியவங்க உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னு வாய மூடிட்டேன். நீங்க ரெண்டு பேரும் சரின்னிருந்தா, ஏத்தியிருப்பேன்.