வெள்ளை நாடா

அந்த நாற்காலியில் தாராளமாக உட்காருங்கள், ஐயா. எந்தப் பட்டறையிலும் கிடைக்கிற நாற்காலிதான் அது, தாங்கும். கடைக்கு யார் வந்தாலும் எதில் உட்காரலாம், எதில் கூடாது என்று முதலில் சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

இது நானும் அக்காவும் சேர்ந்து நடத்திய கடை. நான் தேடித் தேடி வாங்குவேன், அவள் பேசிப் பேசி விற்பாள். புது வீடுகளில் எல்லாம் வெள்ளைச் சுவர், சாம்பல் சோபா. அந்த அமைதியைக் கொஞ்சம் கலைப்பதற்கு ஒரு குறும்புக்காரப் பொருள் வேண்டும் என்று அலங்கார நிபுணர்கள் எங்களைத் தேடி வருவார்கள். அவர்கள் கேட்பது இந்த மாதிரிப் பழைய முக்காலிகளைத்தான். ஏலப் புத்தகங்களில் பின்நவீனத்துவப் பாணி என்று போடுவார்கள்.

இந்த இரண்டும் ஒரு ஜோடி. எலுமிச்சை மஞ்சளில் இருக்கை, ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள். ஒரு கால் உருளை, ஒரு கால் கூம்பு, இன்னொன்று பந்துகளை அடுக்கியது போல. நான் முதல் நாள் பெட்டியைப் பிரித்தபோது அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஏண்டி, மூணு காலும் ஒரே வீட்டுக்கு வந்த மூணு மாப்பிள்ளைங்க மாதிரி முறைச்சுக்கிட்டு நிக்குதே" என்றாள். சிரித்தேன். அவள் பேச்சுக்குச் சிரிக்காதவர்கள் கிடையாது. அவள் கெட்டவள் என்று நான் எங்கேயும் சொல்லமாட்டேன்.

இந்தத் தொழிலில் பழைய பசைதான் எல்லாம். செய்தவர் கையால் வைத்த பசை, அவர் இறக்கிய மர ஆணி. மூட்டு ஆடினால் ஆடட்டும், அதைத் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் அது வெறும் முக்காலி. அதனால் மூட்டு தளர்ந்தவற்றின் இருக்கைக்குக் குறுக்கே வெள்ளை நாடா ஒன்று கட்டிவைப்போம். நாடா இருந்தால் உட்காரக் கூடாது, இல்லையென்றால் உட்காரலாம். அது அக்கா செய்த ஏற்பாடு. யாராவது விழுந்து அடிபட்டுவிடுவார்களோ என்று அவளுக்கு ஓயாத பயம். இந்த ஜோடியில் இரண்டுக்குமே நாடா கட்டியிருந்தோம்.

நான் ஏலத்துக்காக வெளியூர் போயிருந்த நேரத்தில் அவள் தச்சரை வரவழைத்து ஒன்றைச் சரிசெய்துவிட்டாள். திரும்பி வந்தால், அதன் நாடாவை அவிழ்த்துவிட்டு மேலே ஏறி நின்று அலமாரி துடைத்துக்கொண்டிருக்கிறாள். பையைக்கூட இறக்காமல் நான் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

"பாரு, ஆனையே ஏறி நின்னாலும் அசையாது" என்றாள்.

முக்காலியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பளபளவென்று புதுசு வைத்திருந்தார்கள். நடுவில் ஓர் இரும்புத் திருகாணி. அந்த வாரமே ஒரு நிபுணர் வந்தார். அவரும் திருப்பிப் பார்த்தார், விலைகூடக் கேட்காமல் கீழே வைத்தார், கையைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கை துடைத்தலை என்னால் மறக்க முடியவில்லை.

அக்காவிடம் எடுத்துச் சொன்னேன். கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம். இன்னொன்றையாவது விட்டுவிடு என்றேன். அவள் கேட்கவில்லை. ஒன்று ஆடுகிறது, ஒன்று ஆடவில்லை என்றால் அது என்ன ஜோடி என்றாள். உட்கார முடியாத ஸ்டூலைப் பெற்ற பிள்ளை மாதிரி கொஞ்சுகிறாயே என்று சிரித்தாள். மறுநாள் மத்தியானம் தச்சரை வரச் சொல்லியாகிவிட்டது என்றாள்.

மறுநாள் காலையில் நடந்ததைத்தானே கேட்கிறீர்கள். சரிசெய்த முக்காலியில் நாடா எப்படி வந்தது என்று உங்கள் ஆள் ஒருவர் கேட்டார். கெட்டிக்காரர். படம் எடுப்பதற்காக அவிழ்த்தேன், திரும்பக் கட்டும்போது மாறிவிட்டது என்று அவரிடம் சொன்னேன். அப்படியும் நடக்கக்கூடியதுதான். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் என்னைத் தவிர யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அக்காவுக்கும் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். அவள் திருப்பிப் பார்க்கிற ரகமில்லை. நாடாவைத்தான் பார்ப்பாள்.

விளக்குகள் வைக்கிற அலமாரி மாடிப்படியின் மேல்முனையில் இருக்கிறது, நீங்களே பார்த்தீர்கள். தினமும் காலையில் அதைத் துடைக்காவிட்டால் அவளுக்கு மனசு ஆறாது. அன்றும் துணியோடு வந்தாள். இரண்டு முக்காலியையும் அங்கே கொண்டுவந்து வைத்திருந்தேன்.

என்ன தோன்றியதோ, ஏறுவதற்கு முன் நின்றாள். "நாடா இல்லாததுதானே நல்லது?" என்று கேட்டாள்.

"எப்பவும் அப்படித்தானேக்கா" என்றேன்.

அதில் பொய் இல்லை. எங்கள் கடையில் எப்போதும் அப்படித்தான்.

அவள் ஒரு காலை வைத்தாள், இன்னொரு காலையும் வைத்தாள். கொஞ்ச நேரம் அது தாங்கியது. அவள் அடுக்கில் துணியை ஓட்டிக்கொண்டே, நேற்றைய கோபம் போய்விட்டதா என்று கேட்டாள். இன்றைக்கு உனக்குப் பிடித்ததாக ஏதாவது சமைக்கிறேன், மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே என்றாள். போய்விட்டது அக்கா என்றேன். உண்மையில் போய்த்தான் இருந்தது. அவள் கடைசி அடுக்குக்கு எட்டி உடம்பைச் சாய்த்தபோது பந்துக்கால் மெதுவாக வெளியே வந்தது.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், ஐயா. இரண்டு கையையும் நீட்டினேன். என்னைப் பார்த்துத்தான் அவளும் கையை நீட்டினாள். இந்த வயதில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். முக்காலியைப் பிடித்தேன். அது படியில் உருண்டிருந்தால் ஓரமெல்லாம் சில்லு சில்லாகப் போயிருக்கும்.

பிறகு கீழே எட்டிப் பார்த்தேன். கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. வெளிக்கதவைத் தட்டிய தச்சரிடம், இன்று வேலை இல்லை, போய் வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம்தான் உங்களுக்குத் தொலைபேசி செய்தேன். மத்தியானம் வரைக்கும் என்ன செய்தாய் என்று கேட்டால், அவளைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடக் கூடாது என்பார்களே.

ஆமாம், நாடாவை மாற்றிக் கட்டியது நான்தான். தெரிந்துதான் கட்டினேன். அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் அவளைத் தள்ளவில்லை. ஒரு பொருளை அது இருந்தபடியே இருக்கவிட்டேன், அவ்வளவுதான். பார்க்கப் போனால் எனக்கும் நல்லபடியாகவே முடிந்தது. முக்காலியின் கால் உடையவில்லை, சுத்தமாகக் கழன்றுதான் வந்திருக்கிறது. பசை அப்படியே இருக்கிறது, மர ஆணியும் முழுசாக இருக்கிறது. பொருத்தி நிறுத்திவிட்டேன், பாருங்கள், ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கிறது.

சாட்சிப் பொருள் என்று எடுத்துப் போகத்தான் போகிறீர்கள். தடுக்கமாட்டேன். ஒரே ஒரு உதவி செய்யுங்கள். இந்தாருங்கள் நாடா. அங்கே கொண்டுபோய் வைத்ததும் மறக்காமல் குறுக்கே கட்டிவிடுங்கள். உங்கள் இடத்தில் நாலு பேர் வருவார்கள், போவார்கள், தெரியாமல் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

பாவம், அது தாங்காது.