தறிக்கொட்டகையிலிருந்து கத்தியவர்

ஓடுகிறோம். மகளின் மணிக்கட்டு என் பிடியில். பின்னால் அம்மா. முதல் ஷெல் கோயில் குளத்தில் விழுகிறது. தண்ணீர் எழும்பும் சத்தம். அடுத்தது கூவிக்கொண்டு வருகிறது. கூவல் நின்றால் தலைக்கு மேலே என்று அர்த்தம். நின்றது.

"படுங்கோ! படுங்கோ!"

நானும் மகளும் படுத்தோம். அம்மாவுக்கு முழங்கால் வாதம். குனிய நேரம் போதவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு. ஆவணி. செவ்வாய்க்கிழமை காலை. அன்று என் மகள் நிரோஜா இரண்டு காதையும் பொத்தினாள். பிறகு கையை எடுக்கவில்லை. கணவரைக் கரையில் விட்டுக் கடல் கடந்த படகிலும் பொத்தியபடியே வந்தாள். மண்டபம் அகதி முகாமில் இறங்கும்போதும் அப்படியே. வயது ஐந்து. சோறு நான்தான் ஊட்டினேன்.

ஆரணிக்கு எங்களை லாரியில் கொண்டுவந்தார்கள். ஊருக்கு வெளியே பழைய அரிசி மில் குடோன். அதுதான் முகாம். சேலையைக் குறுக்கே கட்டினால் ஒரு வீடு. நான் ஒரு நெசவாளர் வீட்டில் பட்டுநூல் சுற்றப் போனேன். அதே தெருக்கோடியில் பள்ளிக்கூடம். டீச்சர் மகளைப் பார்த்தார். கை ரெண்டும் காதுல இருந்தா எப்படிங்க எழுதும், பயம் தெளிஞ்சா சேத்துக்கிறேன் என்றார். நல்லவர். ஆனாலும் தினமும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலிலாவது உட்காரட்டும்.

முதல் நாள். காலை எட்டே முக்கால். விசைத்தறிக் கொட்டகையைக் கடக்கிறோம். உள்ளே யாரோ சுவிட்சைப் போடுகிறார்கள். டடக் டடக் டடக். நான்கு தறி ஒரே நேரத்தில். மகளை ரோட்டில் தள்ளி மேலே விழுந்தேன். சத்தம் நிற்கவில்லை. ஷெல் இவ்வளவு ஒழுங்காக விழாது என்று புரிய நேரம் எடுத்தது. தலையைத் தூக்கினால், கட்டம் போட்ட லுங்கியில் நெட்டையான ஒரு ஆள் வாசலில் நின்று எங்களைப் பார்க்கிறான்.

மறுநாள் எட்டே முக்கால். எங்களைக் கண்டதும் அந்த ஆள் வாசலுக்கு வந்து கத்தினான்.

"தறி போடறோம்! தறி போடறோம்மா!"

அடுத்த நாளும் கத்தினான். அதற்கு அடுத்த நாளும்.

கவனித்துப் பார்த்தேன். பால்காரி போனாள், அவன் கத்தவில்லை. பள்ளிப் பிள்ளைகள் போனார்கள், கத்தவில்லை. எங்களைக் கண்டால் மட்டும். யாருக்குச் சொல்கிறான்?

என் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் சுற்றிவளைப்பு நடக்கும். சாக்கால் முகம் மூடிய ஒருவனை ஜீப்பில் வைத்திருப்பார்கள். ஆண்களை வரிசையாக அவன் முன்னால் நடத்துவார்கள். அவன் தலையாட்டினால் அந்த ஆள் திரும்பி வரமாட்டான். என் தம்பிக்கு அந்தத் தலை ஆடியது. ஆட்டியவன் எங்கள் அயலவன் என்று பிறகு அறிந்தோம். தினமும் வேலியோரம் நின்று, சாப்பிட்டாச்சோ என்று அன்பாகக் கேட்டவன். அதற்குப் பிறகு யாராவது அன்பாகப் பேசினால் இவனுக்கு என்ன வேண்டும் என்றுதான் பார்ப்பேன்.

அந்தத் தெருப் பெண்கள் முகாம்காரருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்கள். முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பேன். ஒருத்தி மகளுக்கு முறுக்குக் கொடுத்தாள். ஒரு துண்டைக் காகத்துக்குப் போட்டேன். காகம் சாகவில்லை. அப்படியும் மகளுக்குக் கொடுக்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

மூன்றாம் வாரம் மகளின் இடது கை இறங்கியிருந்தது. கை வலிக்கிறதாக்கும் என்று நினைத்தேன். ஐந்தாம் வாரம் இரண்டு கையும் இறங்கின. டீச்சர் அவளை உள்ளே கூப்பிட்டுச் சிலேட்டில் 'அ' எழுதவைத்தார். சாமி கண் திறந்தது என்று கற்பூரம் ஏற்றினேன். அந்தக் கத்தலை அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

ஒரு வியாழன் மதியம் போலீஸ் முகாமுக்கு வந்தது. இளவயதுப் பெடியன்கள் இருவரை விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு உடனே அந்தக் கத்தல்தான் ஞாபகம் வந்தது. முகாம் அதிகாரியிடம் போனேன். தறிக்காரன் ஒருவன் தினமும் என்னைப் பார்த்துச் சத்தம் போடுகிறான் என்றேன். மறுநாள் அவனைக் கொண்டுவந்து நிறுத்தி, இந்த ஆளா என்று கேட்டார்கள். தலையாட்டினேன்.

காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை அவரை ஸ்டேஷனில் உட்கார்த்தினார்கள். போலீஸ் வந்துபோன கொட்டகை என்று பெயர் வரக்கூடாதாம். தறி முதலாளி அவரை வேலையைவிட்டு நிறுத்தினார்.

திங்கள். எட்டே முக்கால். கொட்டகைக்கு முன்னால் மகள் நிற்கிறாள். இழுத்தேன். அசையவில்லை.

"மாமா இன்னும் சொல்லேல்லை."

உள்ளே சுவிட்ச் விழுந்தது. டடக் டடக். இரண்டு கையும் காதுக்குப் போயின.

எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்தாள். அஞ்சலை. அவருடைய மனைவி. முறுக்குக் கொடுத்தவள். அன்றுதான் அவர் பெயர் ஏழுமலை என்று அறிந்தேன்.

"பாப்பா பயந்துக்குதுன்னுதாம்மா கத்தினாரு! கத்திட்டு உள்ள போயி, நீங்க தாண்டிப் போற வரிக்கும் சுவிட்சுமேல கைய வச்சிகினு நிப்பாரு. லேட்டாவுதுன்னு மொதலாளிகிட்ட பேச்சு வாங்கிகினு நிப்பாரு. அவரப் போயி ஸ்டேஷன்ல குந்த வச்சிட்டீங்களே!"

நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கம்.

அதிகாரியிடம் போய் நான் சொன்னது பிழை என்றேன். எழுதியது எழுதியதுதான் என்றார். முதலாளி வாசலில் அரை நாள் நின்றேன். அவர் வெளியே வரவில்லை. புதுத் தறிக்காரரைக் கெஞ்சினேன். ஒரு குரல் கொடுங்கள் என்று. வேணாம்மா, கத்தினவன் கதி தெரியும் என்றார். நானே கத்திப் பார்த்தேன். மகள் கையை எடுக்க மாட்டேன் என்று தலையசைத்தாள். ஏழுமலை படவேட்டில் வாழைத்தோட்டக் கூலிக்குப் போயிருந்தார். முகாமிலிருந்து வெளியூர் போக அனுமதி வேண்டும். ஒன்பது நாள் கழித்துக் கிடைத்தது. போனேன். அவர் இரண்டு நாள் முன்புதான் பெங்களூர் போனதாகத் தோட்டக்காரர் சொன்னார். மாதம் முடியுமுன் அஞ்சலையும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாள்.

தெரு மாறியது. தண்ணீர் கேட்டால் குழாயைக் காட்டினார்கள். அதில் தண்ணீர் வராது என்று அவர்களுக்கும் தெரியும். நான் அவர்களைப் பார்த்தது போல இப்போது அவர்கள் எங்களைப் பார்த்தார்கள். முகாம் பெண்கள் எல்லோரும் தாகத்தோடு நடந்தோம். தவறு செய்தவள் நான் ஒருத்தி.

இதை எழுதுவது இரண்டாயிரத்து நான்கில். மகளுக்குப் பத்தொன்பது வயது. இழந்ததைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

ஷெல்லில் அம்மா. சுற்றிவளைப்பில் தம்பி. அந்தக் கரையில் நின்றுவிட்ட கணவர். கடிதம் இல்லை. கல்வீடு ஒன்று. இவற்றுக்கு யார் காரணம் என்று கேட்டால் கையை எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியாது.

ஆரணியில், ஏழுமலையின் வேலை. அஞ்சலையின் வீடு. முகாம் முழுவதற்கும் கிடைத்துக்கொண்டிருந்த தண்ணீர். மகளின் இரண்டு வருடப் படிப்பு. அவள் கை மறுபடி இறங்க அவ்வளவு காலம் எடுத்தது.

இவற்றுக்குக் காரணம் பரமேஸ்வரி. நிரோஜாவின் அம்மா. நான்தான்.