கையைத் தாழ்த்தியவர்

கூடைப்பந்தில் எனக்குப் பழைய ஆட்டங்கள்தான் பிடிக்கும், ஐயா. யார் ஜெயிப்பார்கள் என்ற கவலை இல்லாமல் நிம்மதியாக இருக்கலாம்.

நான் எந்தப் பத்திரிகையிலும் சம்பளத்துக்கு இல்லை. எழுதிக் கொடுத்தால் போடுவார்கள். இண்டியானாவின் சின்ன ஊர்களில் அந்தக் காலத்தில் நடந்த பள்ளிக்கூட ஆட்டங்களைப் பற்றி என்னைவிட அதிகம் எழுதியவர் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை; வேறு யாரும் அந்த வேலைக்கு வரவில்லை. அன்று ஆடியவர்கள் இன்று கிழவர்கள். அவர்கள் வீட்டுக்குச் சூப் கொண்டுபோவேன். வாசலில் பனி அள்ளிப் போடுவேன். சர்ச்சுக்குக் காரில் அழைத்துப் போவேன். மனம்விட்டுப் பேசுவார்கள். அவர்கள் போன பிறகு இரங்கல் கட்டுரை எழுதுவேன்.

முக்கியமானவர்களுக்கு அதை முன்கூட்டியே எழுதி வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். வெர்லின் ஓவர்மையருக்கு எழுதி வைத்ததுதான் என் வாழ்நாளின் சிறந்த கட்டுரை. அதில் ஒரே குறை, அவர் உயிரோடு இருந்தார்.

நீங்களும் மில்கிரோவ்காரர்தான், அந்த ஆட்டம் உங்களுக்கே தெரியும். ஐம்பத்தெட்டாம் வருஷம், நம் ஊரில் நடந்த இறுதியாட்டம். ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். கடைசி நொடிகள். பந்து வெர்லினிடம். எதிரே மறித்து நிற்பவன் லிண்டன் ஃபோர்க் ஊரின் லோவல் பிக்ஸ்லர். மணி அடிப்பதற்கு முன்பே அவன் கையைத் தாழ்த்திவிடுகிறான். வெர்லின் அவனைத் தாண்டிப் போய்ப் பந்தைக் கூடைக்குள் போடுகிறார். கோப்பை நமக்கு. இன்றைக்கும் நம் காபிக் கடையில் யாராவது தட்டைத் தவறவிட்டால், "என்னம்மா, பிக்ஸ்லர் மாதிரி கையைத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறே?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை சூப் கொண்டுபோனபோது வெர்லின் சொன்னார்: "தம்பி ரசல், அன்னிக்கு எங்க ஹார்லன் சித்தப்பாதான் கடிகாரத்துக்கு உட்கார்ந்திருந்தார், தெரியுமில்ல?"

"தெரியும் பெரியவரே. எந்த ஊர்ல ஆட்டமோ அந்த ஊர் ஆள்தானே உட்காருவார்."

"எல்லைக்கு வெளியிலேர்ந்து பந்து என் கைக்கு வந்ததும், கடிகாரம் ஓட பொத்தானை அழுத்தணும். மனுஷன் வாயைப் பிளந்துக்கிட்டு என்னையே பார்த்துட்டு இருந்துட்டார். கூட்டம் பூரா பந்தைப் பார்க்குது. நான் ஓடிக்கிட்டே மேல பார்க்கிறேன். கடிகாரம் நிக்குது. நான் நிக்கல."

சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன்.

"பிக்ஸ்லர் மனசுக்குள்ள எண்ணியிருக்கான்டா. நாங்க எல்லாருமே எண்ணுவோம். சரியா எண்ணி, ஆட்டம் முடிஞ்சுதுன்னு கையை இறக்கியிருக்கான். அதுக்குப் போய் இத்தனை வருஷமா அவனை நக்கல் பண்றாங்க. இப்ப முதியோர் இல்லத்துல கிடக்கான். ஞாயித்துக்கிழமை வர்றேன், ஒரு விஷயம் சொல்லணும்னு போன் பண்ணிட்டேன். நீதான் கூட்டிட்டுப் போகணும்."

"இவ்வளவு காலம் கழிச்சு எதுக்கு?"

"அவன் காதால கேட்டுட்டுப் போகட்டும்னுதான். சூப்புல உப்பு கம்மி."

கட்டுரையைத் திருத்தலாமா என்று இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். அந்தக் கடைசி நொடிகளை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. ஒரு ஊரும் ஒரு கிழவரும்தான்.

ஞாயிறு சர்ச் முடிந்ததும், முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்வோம், பிறகு லிண்டன் ஃபோர்க் போகலாம் என்றேன். அவர் வீட்டுக் கொட்டகைச் சுவரில் பழைய கூடைப்பந்து வளையம் இருக்கிறது. அந்தக் காலத்து ஜெர்சியைப் போட வைத்தேன்; அது தெரிய வேண்டும் என்று கோட்டைக் கழற்றச் சொன்னேன். குளிர்காற்றில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும்; டாக்டரிடம் அழைத்துப் போனதே நான்தான்.

"படம் எடுக்கிறியா, ஐஸ் கட்டி செய்யிறியா?" என்று சிரித்தார். அவர் எறிந்த பந்து வளையம்வரை போகவில்லை. இன்னொரு தடவை என்றேன். அதற்குப் பிறகும் இன்னொரு தடவை என்றேன். அப்புறம் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பனியில் உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார்.

"மாத்திரை... கோட்டுல" என்றார்.

கோட்டை எடுத்து வந்து அவர்மேல் போர்த்தினேன். பைக்குள் கைவிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஆட்டத்தின் கடைசிப் பகுதியை நான் எழுதியிருந்தபடியே மெதுவாகச் சொன்னேன். ஒரு இடத்தில் தலையை இல்லை என்று ஆட்டினார். அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாமல் மேலே சொன்னேன்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்கு முன்பே கட்டுரை பத்திரிகைக்குப் போயிருக்கிறதே என்று கேட்டீர்கள். பத்திரிகைக்காரர்கள் உங்களிடம் காட்டிய நேரம் சரிதான். தேதியை மட்டும் சேர்த்து, போனிலிருந்தே அனுப்பினேன். அப்போது அவருக்கு மூச்சு இருந்தது. அது நின்ற பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

மறுநாள் பிக்ஸ்லரைப் பார்க்கப் போனேன். யாராவது சொல்ல வேண்டும் அல்லவா. முந்தின நாள் சவரம் செய்து, டை கட்டி, ராத்திரி சாப்பாடுவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"வெர்லின் என்னமோ சொல்லணும்னான். உங்ககிட்ட சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லலையே."

"நான் சரியாத்தான் எண்ணினேன் தம்பி. இன்னமும் படுத்துக்கிட்டே எண்ணிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் முடிஞ்சுதான் போகுது."

"பதற்றத்துல எல்லாருமே கொஞ்சம் வேகமாத்தான் எண்ணுவாங்க" என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்ப நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

அச்சுக்குப் போகும் முன் அதையே கட்டுரையின் கடைசி வரியாகச் சேர்க்கச் சொன்னேன். நன்றாக அமைந்துவிட்டது. கிளம்பும்போது அவர் காலில் போர்வையைச் சரிசெய்தேன். இவ்வளவு நேரம் அவரோடு யாரும் உட்கார்ந்து பேசியதில்லை என்று நர்ஸ் எனக்கு நன்றி சொன்னார்.

இவ்வளவையும் என் வாக்குமூலமாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா, கையெழுத்துப் போடுகிறேன். கடிகார விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பாவம் பிக்ஸ்லர், இப்போதுதான் மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறார்.