அவர் சொல்லச் சொன்னது

அழுகிறவர்கள் கையில் கைக்குட்டையைக் கொடுக்கக் கூடாது. என் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வது அதுதான். நாம் நீட்டினால், 'போதும், துடைத்துக்கொள்' என்று சொன்னது போலாகிவிடும். எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். உங்களுக்குத் தெரியாததா? எதிரில் இருப்பவன் வாய் திறக்கும்வரை நீங்களும் இப்படித்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நிதானமாகவே சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

நான் மன ஆலோசனை சொல்லும் அறை ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கிறது. அதற்கு இரண்டு கதவுகள். ஒன்றில் வந்து மற்றதில் போவார்கள். அழுத முகம் அடுத்தவர் கண்ணில் பட வேண்டாம் என்று நான்தான் அப்படி அமைத்தேன். காலையில் ஒத்துப்போகாத தம்பதிகள் வருவார்கள். சாயங்காலம் துணையைப் பறிகொடுத்தவர்கள். வரவேற்பில் உட்காரும் அம்மாவுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. "காலையில சண்டை, சாயங்காலம் சாவு. நடுவுல தண்ணி கேன் போடறவர் வந்தாத்தான் ஒரு மனுஷன் மூஞ்சியைப் பாத்த மாதிரி இருக்கு" என்பாள். எனக்குச் சிரிப்பு வரும்.

அவள் விளையாட்டாகச் சொன்னதை நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். காலையில் வருகிறவர்கள் கூடவே இருப்பவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்கள். சாயங்காலம் வருகிறவர்கள் போய்விட்டவரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்ல மாட்டார்கள். ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருந்தார். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று மனைவியோடு வருஷக்கணக்கில் சண்டை. அதற்காகவே இரண்டு பேரும் காலை வேளையில் என்னிடம் வந்துகொண்டிருந்தார்கள். நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன், எதுவும் எடுபடவில்லை. பிறகு அந்த அம்மாள் காய்ச்சலில் போய்விட்டார். அடுத்த மாதமே அவர் சாயங்கால வேளைக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். "திறந்து வைன்னு தானே சார் சொன்னா. திறந்து வச்சுத் தொலைச்சிருக்கலாம்ல" என்று தேம்பினார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் அத்தனை காலம் முயன்றும் வராத அன்பு, ஒரு காய்ச்சலில் வந்துவிட்டது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இதை ஒரு எண்ணமாகத்தான் வைத்திருந்தேன். எண்ணத்துக்காக யாரையும் உள்ளே தள்ள முடியாது, இல்லையா?

இனி அந்த லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும். அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். அவர்களுக்குள் இருந்த சண்டை ஒன்றே ஒன்றுதான்: போன். அவள் கூப்பிடுவாள், அவர் எடுக்க மாட்டார்.

"லிஃப்டுக்கு மேல ஏறி நின்னுட்டு இருக்கேன் சார். ஒரு கையில ஸ்பேனர், ஒரு கையில கயிறு. மூணாவது கை இருந்தா எடுத்துப் பேசுவேன்" என்பார் அவர்.

"எடுக்கலைன்னா நான் என்னன்னு நினைக்கறது? உள்ள விழுந்துட்டாரோன்னு ஒவ்வொரு தடவையும் வேலையைப் போட்டுட்டுக் கடை வாசல்ல வந்து நிக்கறேன். வீட்டுக்கு வந்து சிரிச்சுக்கிட்டு நிக்கறாரு. அந்தச் சிரிப்பைப் பாத்தா பத்திக்கிட்டு வருது" என்பாள் அவள்.

கூடவே சில்லறைப் புகார்கள். அவள் பாத்திரம் கழுவும்போது விசிலடிப்பாளாம், அவருக்குத் தலை வலிக்குமாம். அவர் கழற்றிய காலுறையைக் கதவுப் பிடியில் மாட்டுவாராம். கேட்க எனக்கு இதமாகத்தான் இருந்தது. எனக்கும் ஒரு மனைவி இருந்தாள். உயிரோடுதான் இருக்கிறாள், வேறொருவர் வீட்டில். ஊருக்குத்தான் உபதேசம் என்று வரவேற்பு அம்மா முதுகுக்குப் பின்னால் சொல்வது என் காதில் விழாமல் இல்லை.

சண்டை முற்றிப்போனவர்களுக்கு நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். பேசா வாரம் என்று அதற்குப் பெயர். இருவரும் வெவ்வேறு வீட்டில் இருக்க வேண்டும். நேரில் பார்க்கக் கூடாது, போனில் பேசக் கூடாது. சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்ல வேண்டும், நான் மற்றவரிடம் சேர்ப்பேன். நடுவில் ஒருவன் இருந்தால் வார்த்தையில் சூடு குறையும். நான் கொஞ்சம் குறைக்கவும் செய்வேன். 'அவன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்' என்பது என்னைத் தாண்டிப் போகும்போது 'கொஞ்ச நாள் ஆகட்டும் என்கிறார்' என்றாகிவிடும். அதில் என்ன தப்பு? எத்தனையோ குடும்பங்களை அது சேர்த்துவைத்திருக்கிறது. சேர்ந்தவர்கள் மறுபடி என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். தெருவில் கண்டால்கூட எதிர்ப் பக்கம் போய்விடுவார்கள்.

மெக்கானிக் ஒப்புக்கொண்டார். "அப்ப நீங்க எங்களுக்குத் தபால்கார சார்" என்று சிரித்தார். வெளியூர் போயிருந்த தன் அண்ணனின் வீட்டில் போய்த் தங்கினார். "ஒரு தடவையாவது சொன்ன சொல்லைக் காப்பாத்தறேன்னு அவ பாக்கணும் சார். உலகமே இடிஞ்சு விழுந்தாலும் அவளைக் கூப்பிட மாட்டேன்" என்றார். நல்ல மனிதர், சொன்னபடியே இருந்தார்.

வாரம் முடியும் தறுவாயில் ஒரு நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். நெஞ்சை என்னவோ அழுத்துகிறது என்றார். "கேஸ் ட்ரபிள்தான்னு நினைக்கறேன். அவகிட்ட சொல்லிப் பாக்கறீங்களா?" என்றார். பதற்றம்தான் என்றேன். வாக்கை முறிக்க உடம்பு சாக்குத் தேடும், இந்த வாரத்தில் எல்லோருக்கும் வருவதுதான், படுத்து மூச்சை மெதுவாக விடுங்கள் என்றேன். அப்படி வருகிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் நான் நம்பித்தான் சொன்னேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஊரிலிருந்து திரும்பிய அண்ணன்தான் அவரைப் பார்த்தார். கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்த வாக்கில் இருந்தாராம். மாரடைப்பு. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அவளே என்னிடம் வந்து சொன்னாள்.

அவள் சாயங்கால வேளைக்கு மாறினாள். வேறு எங்கே போவாள்? முதல் நாள் அவள் கேட்டது ஒன்றுதான். "அன்னைக்கு என்னைக் கேட்டாரா?" மத்தியானம் பேசினார், சந்தோஷமாக இருந்தார், தூங்கப் போவதாகச் சொன்னார், அதன்பின் கூப்பிடவில்லை என்றேன். தூக்கத்திலேயே போயிருப்பார் என்றேன். அவளுக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு, "அவர் உங்களிடம் சொல்லச் சொன்னது சில உண்டு. நேரம் வரும்போது ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்" என்றேன்.

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பட்டுப்போன செடியில் தண்ணீர் விட்ட மாதிரி.

வாரம் ஒன்று சொன்னேன். அவள் விசில் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை என்று சொல்லச் சொன்னார் என்றேன். "அதுக்குத்தானே சண்டை போடுவாரு" என்று அழுதுகொண்டே சிரித்தாள். வாயில் வந்தது வேறு, மனதில் இருந்தது வேறு என்றேன். லிஃப்டுக்கு மேல் நிற்கும்போது பையில் போன் அதிர்ந்தால், எடுக்காவிட்டாலும் தனக்காக ஒருத்தி இருக்கிறாள் என்று தெம்பாக இருக்கும் என்று சொல்லச் சொன்னார் என்றேன். அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். இவை பொய் என்றால் பொய்தான். ஆனால் காலை வேளையில் அதே நாற்காலியில் அவரைக் கரித்துக் கொட்டியவள், இப்போது அவர் காலுறையைக் கதவுப் பிடியிலேயே விட்டுவைத்திருக்கிறாள். வாழ்ந்த காலத்தில் அந்த மனிதருக்குக் கிடைக்காதது அது. நான் வாங்கிக் கொடுத்தேன்.

அவள் வரும் செவ்வாய்க்கிழமைகள் எனக்குப் பிடித்துப்போயின. ஏழு நாளில் ஒரு நாளாவது என் வாயிலிருந்து வரும் வார்த்தைக்காக ஒருத்தி படியேறி வருகிறாள் என்பது சின்ன விஷயமில்லை. முந்தின நாளே என்ன சொல்லலாம் என்று யோசித்து வைப்பேன். சவரம் செய்துகொள்வேன். வரவேற்பு அம்மா ஒரு மாதிரியாகப் பார்ப்பாள்.

போன செவ்வாய் அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நுனியில் உட்கார்ந்தால் கிளம்பப்போகிறார்கள் என்று அர்த்தம். "இனிமே நான் வரல சார். ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க. வேலைக்கு நடுவுல நேத்து என்னை அறியாம விசிலடிச்சேன். என்னால சமாளிக்க முடியும்னு தோணிச்சு. அவர் சொன்னது இதுவரைக்கும் கேட்டதே எனக்குப் போதும்."

மகிழ்ந்திருக்க வேண்டும். தொழிலில் இதைத்தான் வெற்றி என்போம். எனக்குக் காலடியில் தரை நழுவியது போலிருந்தது. கடைசியாக ஒன்று இருக்கிறது என்றேன். என்னிடம் அப்போது யோசித்து வைத்தது எதுவும் இல்லை. அதனால் உண்மையைச் சொன்னேன். அவர் சொன்னதிலேயே மிக நல்லது அதுதான்.

"'அவளை வரச் சொல்லுங்க சார். எனக்கு அவளைப் பாக்கணும்.' அப்படின்னு சொன்னார்மா" என்றேன்.

அவள் அழவில்லை. "எப்போ சொன்னாரு?" என்றாள்.

"அன்னைக்குத்தான். சாயங்காலம்."

"மத்தியானத்துக்கப்புறம் கூப்பிடவே இல்லைன்னீங்களே?" என்றாள். "அன்னைக்குச் சாயங்காலம் நானும் உங்களுக்குப் போன் பண்ணேன். அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி" என்றேன். முகத்துக்கு நேராகக் கேட்டால் நான் பொய் சொல்கிறவனில்லை.

அவள் பையை எடுத்துக்கொண்டு, வந்த கதவு வழியாகவே போனாள். அந்த அறையில் இதுவரை யாரும் அப்படிப் போனதில்லை. பிறகு நீங்கள் வந்தீர்கள்.

சரி, அந்தச் சாயங்காலத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அவள்தான் கூப்பிட்டாள். "போதும் சார் இந்த விளையாட்டு. அவர் போன் எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன. ஆள் இருந்தாப் போதும். காலையிலேர்ந்து மனசு சரியில்ல. நான் இப்பவே கிளம்பிப் போறேன், வர்றேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள். அவர் இன்னும் ஒரு நாள் கேட்கிறார், இப்போது தூங்குகிறார், நாளைக்குப் போங்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், போனால் சேர்ந்துவிடுவார்கள். சேர்ந்து, கொஞ்ச நாளில் மறுபடி சண்டை போடுவார்கள். அன்று அவள் குரலில் இருந்த அன்பை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் அப்போது நினைத்தேன்.

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் அவர் கூப்பிட்டார். அவர் குரலை எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. சட்டை நனைந்துவிட்டது என்றார். இடது கை மரத்துப்போகிறது, தாடையெல்லாம் இழுக்கிறது என்றார். மருந்துக் கடைக்கு மேலே இத்தனை வருஷம் உட்கார்ந்தவனுக்கு அது என்னவென்று தெரியாதா? தெரிந்தது. "இது பதட்டமில்ல சார். ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா? இல்ல, அவளை வரச் சொல்லுங்க சார். எனக்கு அவளைப் பாக்கணும்" என்றார்.

நான் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். "அவங்க அப்பவே கிளம்பிட்டாங்க. வந்துட்டே இருக்காங்க. நீங்க வேற யாரையும் கூப்பிட வேணாம். தலையணையை வச்சு சாஞ்சு உக்காருங்க. அவங்க வந்து பாத்துப்பாங்க" என்றேன்.

"நிஜமாவா? வர்றாளா?" என்றார். அந்த வலியிலும் அவருக்கு அத்தனை சந்தோஷம். "ரொம்ப தேங்க்ஸ் தபால்கார சார்" என்று சொல்லிவிட்டு வைத்தார். அவர் அப்படியே சாய்ந்து காத்துக்கொண்டிருந்தார் என்பதை அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஆகவே ஆமாம். நான்தான் கொன்றேன். கையெழுத்துப் போடுகிறேன், எங்கே என்று காட்டுங்கள். ஆனால் துன்பப்படுத்தவில்லை. தன்னை நேசிக்கும் மனைவி வந்துகொண்டிருக்கிறாள் என்ற நினைப்போடு போகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர்? அவளுக்கும் நான் கெடுதல் செய்யவில்லை. அவளுக்காகத்தான் எல்லாம்.

வேண்டியவர் ஒருவருக்குப் போன் செய்துகொள்ளலாம் என்று உங்கள் ஆள் காலையில் சொன்னார். எனக்கென்று யார் இருக்கிறார்கள், அவளைத்தான் கூப்பிட்டேன். எடுத்தாள். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். பரவாயில்லை, துக்கத்தில் இருப்பவர்கள் ஆரம்பத்தில் அப்படித்தான். நாளைக்கு ஒரு நிமிஷம் மறுபடி அந்தப் போனைக் கொடுங்கள். அவர் சொல்லச் சொன்னது இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.