எலும்புப் பொத்தான் வெச்ச கோட்டு

— அந்தப் பொட்டலத்தை மேசை மேல வைக்காதடா ஓரன், மாவு ஒட்டிக்கும். மூணு வருஷம் கழிச்சு வர்றவன் ஒரு கடுதாசி போட்டுட்டு வரக்கூடாதா?

— போட நேரமில்லக்கா. அப்பா எங்க?

— நகரசபைக்குப் போயிருக்கார். அவரையும் சேத்து அந்தப் பழைய பட்டாளத்துல மிச்சம் இருக்குற ஆறு பேரும் மெடல் குத்திக்கிட்டு, பூட்ஸைப் பளபளன்னு துடைச்சுக்கிட்டு, காலையிலேயே கிளம்பிட்டாங்க. உன் படத்தை இந்த ஊர்ல ஓட்டக்கூடாதுன்னு மனு குடுத்திருக்காங்கல்ல, இன்னிக்கு ஓட்டெடுப்பு. அதான் பாரு, ஆறு தட்டு எடுத்து வெச்சிருக்கேன். முடிஞ்சதும் இங்கதான் சாப்பாடு.

— என் படம்னு சொல்லாதக்கா.

— வேற என்னன்னு சொல்ல? உன் லெட்டரைப் பாஸ்டர் பிரசங்க மேடையில ஏறி வாசிச்சாருடா! "அடிமைகளை விடுவிச்ச சண்டையைப் பத்தி கலிபோர்னியாவுல பெருசா ஒரு படம் எடுக்குறாங்க, அதுல நம்ம கறுப்பு ஜனங்களும் சிப்பாயா வர்றாங்க, அப்பாவோட நீலக் கோட்டைப் போட்டுக்கிட்டு நான் நிக்கப்போறேன், உலகமே பாக்கும்." சர்ச்சே எழுந்து நின்னு கைதட்டுச்சு. அப்பா அழுதார். நம்ம அம்மா செத்தப்போகூட அழாத மனுஷன்!

— அப்படித்தான்கா எங்கிட்டயும் சொன்னாங்க. சத்தியமா. சண்டைப் படம், சொந்தமா கோட்டு வெச்சிருக்கறவன் முன்வரிசையில நிக்கலாம்னாங்க. முத ரெண்டு வாரம் நிஜமாவே துப்பாக்கியோட நடக்க விட்டாங்க. நாப்பது பேர் இருந்தோம். எல்லாருமே அப்பன் பேரைச் சொல்லிக்கிட்டு வந்தவனுங்க.

— அப்பா அந்தக் கோட்டைக் கற்பூரம் போட்டு, பழைய போர்வையில சுத்தி, ரயில்ல ஏத்தி அனுப்பினாரு. போன வருஷம் கல்லறைக்குப் பூ வைக்கிற ஊர்வலத்துல வெறும் சட்டையோட நடந்தாருடா. வெள்ளைக்காரப் பிள்ளைங்களே கேட்டுச்சு, "எலும்புப் பொத்தான் தாத்தா, கோட்டு எங்க?"ன்னு. "கோட்டு கலிபோர்னியாவுக்குப் போயிருக்கு, படத்துல நடிக்குது"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. எல்லார்கிட்டயும் சொன்னாரு.

— அதைத்தான் கொண்டாந்திருக்கேன். இந்தப் பொட்டலத்துல.

— கோட்டா?

— துணிமணி வைக்கிற அறையிலேர்ந்து யாருக்கும் தெரியாம எடுத்துட்டு வந்தேன். பிரி.

— இரு, கையைக் கழுவிக்கிறேன்... அடக் கடவுளே. இருக்கு. அம்மா தச்ச பொத்தான் அப்படியே இருக்கு. மத்ததெல்லாம் பித்தளைக் கழுகு, இது ஒண்ணு மட்டும் மாட்டெலும்பு. அம்மா சாயங்காலம் பூரா உக்காந்து தேய்ச்சது. இது என்ன காலர்ல, இவ்வளவு கறுப்பா?

— கரி. கார்க்கைச் சுட்டுப் பொடி பண்ணி, கொழுப்புல குழைச்சுப் பூசுவாங்க. போகாது. மூணு தடவை சோப்பு போட்டுப் பாத்தேன்.

— கேட்டுக்கோ, அப்பா அந்தப் படத்தைப் பாத்துட்டாரு.

— எப்ப?

— முந்தாநாள். மனு குடுத்தவங்களுக்கும் நகரசபைக்காரங்களுக்கும் கொட்டகையில தனியா ஓட்டிக் காமிச்சாங்க. நம்மாளுங்களை மேல் மாடியில ஏத்திட்டாங்க, அதான் வழக்கம். திரும்பி வந்து பூட்ஸைக்கூடக் கழட்டாம அந்த நாற்காலியில உக்காந்தவர்தான். விடியற வரைக்கும் எழுந்திருக்கல. கூடப் போன கிடியன் மாமாகிட்டப் பிடுங்கிப் பிடுங்கித்தான் விஷயத்தைத் தெரிஞ்சுக்கிட்டேன்.

— என்ன சொன்னாரு மாமா?

— நீல உடுப்புல இருக்குற நம்மாளுங்க வீடு வீடாக் கொள்ளையடிக்கிறாங்களாம். அதுல ஒருத்தன் சோளக்காட்டுக்குள்ள ஒரு வெள்ளைக்காரப் பொண்ணைத் துரத்துறானாம். அது பயந்து கிணத்துல குதிச்சிருதாம். அப்புறம் முகமூடி போட்டவங்க குதிரையில வந்து அவனைப் பிடிச்சுத் தொங்க விடுறாங்களாம். கீழ உக்காந்திருந்த வெள்ளைக்காரங்க எல்லாம் எழுந்து கைதட்டினாங்களாம். அந்தத் துரத்துறவன் போட்டிருந்தது எந்தக் கோட்டு தெரியுமா?

— தெரியும்.

— யாரு போட்டிருந்தது, ஓரன்?

— ஒரு வெள்ளைக்காரன். நடிகன். மூஞ்சியில கரி பூசிக்கிட்டு. பெரிய வேஷம் எல்லாத்துக்கும் அவங்க ஆளுங்கதான், கரி பூசித்தான். கோட்டு நல்லாருக்கு, கழட்டிக் குடுன்னாங்க. நான் என்ன பண்ண முடியும்?

— குண்டா, ஒல்லியா?

— யாரு?

— அந்த வெள்ளைக்காரன்.

— ஒல்லிதான்.

— அதான் தோள்ல ஒரு தையல்கூட விட்டுப்போகல. சரி. மூஞ்சிக்குப் பூசின கரி காலருக்கு உள்பக்கமா எப்படி வந்துச்சு? முதுகு வரைக்கும் இருக்கே.

— வேர்த்து வழியும்கா, வெயில்ல. அவங்க கேக்குற கறுப்பு ஒருத்தனுக்கும் கிடையாது. எங்க நாப்பது பேரையும் பாத்துட்டு, "இது பத்தாது, இவனுங்களுக்கும் பூசு"ன்னாங்க.

— உங்களுக்குமா? கறுப்பனுக்குக் கறுப்பு பூசினாங்களா?

— ஆமாம். வரிசையா நிக்க வெச்சு. கண்ணுக்கும் வாய்க்கும் மட்டும் இடம் விட்டுட்டு. சிரிக்காதக்கா.

— சிரிக்கலடா. சரி, எழுந்திரு. நாலு தெருதான். நகரசபைக்குப் போய் இதையெல்லாம் அப்படியே சொல்லு. "பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க, எங்கப்பா கோட்டைப் பிடுங்கி ஒரு வெள்ளைக்காரனுக்கு மாட்டினாங்க"ன்னு சொல்லு. நேர்ல பாத்த ஆளு நீ ஒருத்தன்தானே!

— கால் வலிக்குதுக்கா.

— அடப்பாவி! ரெண்டாயிரம் மைல் வந்தவனுக்கு நாலு தெரு வலிக்குதா?

— சொல்லத்தான் வந்தேன். சத்தியமா. ஸ்டேஷன்ல இறங்கினேன், நகரசபை வாசல் வரைக்கும் போனேன். கதவு திறந்திருந்துச்சு. அப்பாவோட பின்மண்டை தெரிஞ்சுது. திரும்பி வந்துட்டேன்.

— ஏன்டா?

— ஷ்ஷ்... யாரோ வர்றாங்க.

— அப்பாதான். பூட்ஸ் சத்தம். ஆனா பன்னெண்டு கால் கேக்கணுமேடா. ரெண்டுதானே கேக்குது... அப்பா! வாங்க. மத்தவங்க எங்க? சோள ரொட்டி சூடா இருக்கு, கீரையில பன்னிக்கால் போட்டிருக்கேன்.

— கதவைச் சாத்து லவினியா. ஜன்னல் திரையை இழுத்து விடு.

— அப்பா, யாரு வந்திருக்கான்னு பாருங்க.

— பாத்தேன். உக்காரு ஓரன். எழுந்திருக்காத. நான் சொல்ற வரைக்கும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காத.

— சரிப்பா.

— ஓட்டெடுப்பு என்னாச்சுப்பா?

— ஏழுக்கு ரெண்டு. திங்கக்கிழமையிலேர்ந்து ரெண்டு வாரம் படம் ஓடும். வெளியூர்லேர்ந்து ஆள் வர்றதுக்கு ஸ்பெஷல் ரயில் விடுறாங்களாம்.

— ஏழுக்கு ரெண்டா... ஆறு பேரும் பேசினீங்களா? ரிச்மண்ட் பக்கத்துல சண்டை போட்டதைச் சொன்னீங்களா?

— சொன்னேன் அம்மாடி. பதினேழு வயசுல எசமானன்கிட்டேர்ந்து தப்பிச்சு இந்த ஆத்தை நீந்தி வந்தேன், மறுநாளே பட்டாளத்துல பேர் குடுத்தேன், என் கூட வந்தவங்கள்ல பாதிப் பேர் ரிச்மண்ட் மேட்டுல கிடக்காங்கன்னு சொன்னேன். மேயர் நல்லாத்தான் கேட்டாரு. அப்புறம் கொட்டகைக்காரனோட வக்கீல் எழுந்தான். "ஐயா ஜெப்தா ப்ரூவர், படத்துல அந்தப் பொண்ணைத் துரத்துறவன் போட்டிருக்கறது உங்க கோட்டுதானே?"ன்னான்.

— ஐயோ.

— எலும்புப் பொத்தானை இந்த ஊர்ல எல்லாரும் முப்பது வருஷமா ஊர்வலத்துல பாத்திருக்காங்க. என் கோட்டுதான்னேன். "உங்க பையன் கலிபோர்னியாவுல படத்துல நடிக்கிறான்னு நீங்களே ஊரெல்லாம் சொன்னீங்களே. அப்போ அந்த வேஷத்துல இருக்கறது யாரு? உங்க ஜனமே, உங்க பிள்ளையே சந்தோஷமா வந்து நடிச்சிருக்கும்போது உங்களுக்கு என்ன குறை?"ன்னான். மேயர் வேதபுத்தகத்தைக் கொண்டாந்து என் முன்னாடி வெச்சாரு.

— நீங்க என்ன சொன்னீங்கப்பா?

— அனுப்பின கோட்டைக் கலிபோர்னியாவுல யாரோ திருடிட்டாங்க. அதுக்குள்ள இருக்கறது கரி பூசின வெள்ளைக்காரன். எங்க ஜனத்துல எவனும் இல்ல. புஸ்தகத்துல கையை வெச்சுச் சொன்னேன்.

— திருடிட்டாங்கன்னு ஏம்ப்பா? ஆனா மிச்சம் நிஜம்தான். ஓரனும் இப்ப அதைத்தான் சொன்னான், வெள்ளைக்காரன்தான்னு. இல்லடா?

— பேசாம இரு லவினியா. ஓரன், நீ சொல்லு. வெள்ளைக்காரனா?

— அப்பா...

— அஞ்சு வயசுல என் வண்டிச் சக்கரம் ஏறின கால்டா அது. உன்னைத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினவன் நான். வருஷம் பூரா உன்னைக் கையைப் பிடிச்சு இந்த அடுப்படியில நடக்கப் பழக்கினேன். ஒரு மிதி, ஒரு இழுப்பு. எத்தனை டப்பா கரி பூசினாலும் எனக்குத் தெரியாதா?

— ஓரன்! நீயாடா? அந்தப் பொண்ணுக்குப் பின்னால ஓடினது நீயா?

— மொதல்ல ஒரு வெள்ளைக்காரன்தான்கா ஓடினான். டைரக்டருக்குப் பிடிக்கல. நான் தண்ணி குடிக்கப் போறதைப் பாத்துட்டாரு. "அந்தக் காலைப் பாரு, மிருகம் மாதிரி வருது, இவனை ஓட விடு"ன்னாரு. இன்னும் இழு, இன்னும் இழுன்னு கத்தினாரு. எதுக்கு ஓடுறேன்னு எனக்குத் தெரியாது. முன்னாடி யாரும் இல்ல, வெறும் சோளம்தான். பொண்ணு ஓடுறதைத் தனியா எடுத்து ஒட்டிட்டாங்க. சத்தியமா அப்பா, தெரியவே தெரியாது!

— தொங்க விடும்போதாவது தெரிஞ்சுதா?

— தெரிஞ்சுது.

— அப்பவும் நின்னியா?

— நின்னேன். சுத்தி நூறு பேர் துப்பாக்கியோட நின்னாங்க. நடிப்புத்தான். ஆனா கயிறு நிஜம்.

— ம். சரி.

— நான் இப்பவே போறேன் அப்பா. மேயர் வீட்டுக்கே போறேன். எப்படி ஏமாத்தினாங்கன்னு எல்லாத்தையும் சொல்லிடறேன்.

— உக்காரு! நான் சத்தியம் பண்ணினதும் வக்கீல் என்ன பண்ணினான் தெரியுமா? மத்த அஞ்சு பேரையும் ஒவ்வொருத்தனா எழுப்பினான். கிடியன் உன்னைத் தொட்டில்லேர்ந்து பாத்தவன். மத்த நாலு பேருக்கும் உன் நடை தெரியும். முந்தாநாள் மாடியில இருட்டுல உக்காந்து பாத்தோமே, உன் கால் திரையில வந்ததும் ஆறு பேருக்கும் ஆள் தெரிஞ்சுபோச்சு. இன்னிக்கு அஞ்சு பேரும் எழுந்து, புஸ்தகத்துக்கு முத்தம் குடுத்துட்டு, "வெள்ளைக்காரன்தான், யாருன்னு எங்களுக்குத் தெரியாது"ன்னு சொன்னானுங்க. கிடியன் சர்ச்சுல மூப்பர். நீ போய்ச் சொன்னா ஆறு பேரும் பொய்ச் சத்தியம் பண்ணினவங்களாயிடுவோம்.

— அதான் சாப்பிட வரலியாப்பா?

— வாசலுக்கு வந்ததும் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாக்க முடியல. ஆளுக்கு ஒரு தெருவுல போயிட்டோம். தட்டை எடுத்து உள்ள வை.

— பொய் சொல்லியும் ஏழுக்கு ரெண்டா...

— ஆமாம். சொல்லியும். அந்தக் கோட்டை எடு.

— எதுக்குப்பா?

— அடுப்புல போடு.

— அப்பா! இதைப் போட்டுத்தானே உங்களைப் புதைக்கணும்னு சொல்லி வெச்சிருக்கீங்க?

— திருடு போன கோட்டு என் வீட்டுல எப்படி இருக்கும்? போடு.

— பொத்தானையாவது வெட்டி எடுத்துக்கறேன். அம்மா தச்சதுப்பா.

— பொத்தானைத்தான் ஊருக்கே அடையாளம் தெரியும். அதையும் போடு.

— அப்பா, என்னை ஒரு அடியாவது அடிச்சிடுங்க.

— நாலரைக்கு ரயில் இருக்கு, ஓரன். அதுல ஏறிடு. திங்கக்கிழமை ஊர் மொத்தமும் அந்தக் காலைப் பாக்கப்போகுது. அதுக்கப்புறம் நீ இந்தப் பக்கமே வரக்கூடாது. நான் செத்தாலும் வரக்கூடாது. இப்ப எழுந்திரு. பின்வாசல் வழியாப் போ. ஸ்டேஷன் வரைக்கும் காலை இழுக்காம நட.

— அவனால எப்படிப்பா முடியும்? அந்தக் கால்...

— எனக்குத் தெரியாதா அம்மாடி, சக்கரத்தை ஏத்தினவனே நான்தான். இழுக்காம நட, ஓரன்.