ஜெபச் சங்கிலியில் கடைசி இருவர்

“ஹலோ… ஆமா, நான்தான். நம்பரைப் பாத்துட்டுத்தானே எடுத்தீங்க?… சரி, சரி. நானா ஒண்ணும் கூப்பிடல. ஜெபச் சங்கிலி லிஸ்ட்டை பாஸ்டர் மாத்திப் போட்டிருக்காரு. எனக்கு அடுத்து நீங்க. நீங்கதான் கடைசி… ஆமா, எனக்கும் அதிர்ச்சிதான்.”

தையல்காரி அளவு நோட்டைப் புரட்டினாள். சபையின் ஜெபக் குறிப்பு ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போனில் வாயால்தான் போகவேண்டும். கேட்டவர் ஆமென் சொல்லாமல் வைக்கக்கூடாது. இது பாஸ்டர் போட்ட சட்டம். அண்ணன் மனைவியோடு பேசக்கூடாது என்பது இவளே போட்டுக்கொண்ட சட்டம். யார் முதலில் கூப்பிடுவது என்கிற வீம்பிலேயே எட்டு மாதம் ஓடிவிட்டது.

“எழுதிக்குங்க. ‘நம்ம சபையில ரெண்டு சகோதரிகள் பேசிக்கிறதில்ல. ஆளுக்கொரு மூலையில உட்காருறாங்க. அவங்க ஒப்புரவாகணும்.’ அவ்வளவுதான்… பேரா? பேரு போடல… ஐயோ, நானும் அவங்களைத்தான் நினைச்சேன்! கண்ணாடிக்கடைக்காரம்மாவும் டீச்சரும்தானே?… இல்லையா? எப்ப ராசியானாங்க?… பாருங்களேன், எனக்கு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல!”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேவிட்டாள். ஊர்வம்புக்கு அண்ணியை விட்டால் வேறு ஆள் கிடையாது. அது இல்லாமல் இவள் வாய் துருப்பிடித்துக் கிடந்தது.

“அப்ப யாரா இருக்கும்?… நர்ஸம்மாவா? அவங்கதான் வீடு மாத்திட்டுப் போயிட்டாங்களே… இருங்க, ஓரத்துல எட்டுன்னு கிறுக்கியிருக்கேன். யாரோட கை அளவோன்னு நினைச்சேன்… எட்டு மாசம். எட்டு மாசமாப் பேசலையாம்… எட்டா?… அண்ணி… அண்ணி, லைன்ல இருக்கீங்களா?… ஆமா… ஆமா… நாமதான்.”

அளவு நோட்டைப் பட்டென்று மூடினாள்.

“அதான் பேக்கரிக்காரி எனக்குக் குறிப்பைச் சொல்லும்போதே கெக்கெக்கேன்னு சிரிச்சாளா! நமக்கு முன்னாடி முப்பத்திரண்டு பேரு அண்ணி! முப்பத்திரண்டு பேரும் நமக்காக ஆமென் போட்டுட்டாங்க. மானம் கப்பலேறிடுச்சு!… சிரிக்காதீங்க. எல்லாம் உங்களால. மொத்தச் சபை முன்னால, நான் பாடிக்கிட்டிருக்கையில, மைக்கை அணைச்சது யாரு?… என்ன?… ரெண்டாவது சரணத்தையே மூணு தடவை பாடினேனா?…”

கத்தரிக்கோலை எடுத்தாள். வைத்தாள்.

“…தெரியும். அன்னிக்கே தெரியும் அண்ணி. மூணாவது சரணம் மறந்துபோச்சு, நிறுத்தவும் வெக்கமா இருந்துச்சு. நீங்க அணைக்கலேன்னா இன்னும் பாடிக்கிட்டே இருந்திருப்பேன். வந்து சொல்லியிருக்கணும்… மன்னிச்சிடுங்க… நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்குறீங்க?… சரி, கேளுங்க, கேளுங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு.”

கண் கலங்கியது. துடைக்கக் கையில் அகப்பட்டது யாரோ தைக்கக் கொடுத்த புதுச் சட்டைத் துணி.

“பாஸ்டர்கிட்ட இப்பவே சொல்லிடாதீங்க. முப்பத்திரண்டு பேரும் ஞாயித்துக்கிழமை வரைக்கும் முழங்கால்ல நிக்கட்டும்!… ஆமா, அன்னிக்கும் ஆளுக்கொரு மூலைதான். முறைச்சுக்கணும், தெரியுதா? அவரு ஒப்புரவுன்னு பிரசங்கத்தை ஆரம்பிச்சதும் நான் எழுந்து உங்க பக்கத்துல வந்து உட்காருவேன்… பாட்டா? பாடுறேன். தப்பாப் பாடினா அணைச்சிடுங்க. கோவிச்சுக்க மாட்டேன்… சத்தியமா. ரெண்டு நாளைக்கு மேல மாட்டேன்… ஹலோ?… ஹலோ?”

லைன் போய்விட்டது. தையல்காரி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறிப்பு போய்ச் சேர்ந்தாயிற்று. இனி எந்த லிஸ்ட்டும் யாரையும் கூப்பிட வைக்கப்போவதில்லை. மறுபடி நாமே கூப்பிடுவதா என்று பழைய வீம்பு மெல்லத் தலைதூக்கியது.

போன் அடித்தது.

“ஹலோ… அண்ணி, நீங்களா?… அட ஆமால்ல, அதை நீங்க சொல்லவே இல்லையே!… ஆமென் அண்ணி. ஆமென்.”