எங்களிடம் இருந்தால் அங்கே இல்லை

ஓய்வு பெற்ற மனிதனுக்கு முதல் எதிரி காலை பத்து மணிதான். எழுந்து, குளித்து, செய்தித்தாளை விளம்பரம்கூட விடாமல் படித்து, எதிர்வீட்டுக்காரர் வண்டியை எவ்வளவு கோணலாக நிறுத்தியிருக்கிறார் என்று ஜன்னல் வழியாகப் பார்த்து முடித்தால்கூட மணி பத்து ஆகியிருக்காது. அதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் பாலைவனம். ஒட்டகத்தைக் கொண்டுவந்து விட்டால் அதுவே வேண்டாம் என்று திரும்பிப் போய்விடும். என் மனைவி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு மகளுக்குப் போன் போட்டு, "உங்கப்பா ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து உள்ள லைட் எரியுதான்னு பார்த்துக்கிட்டு இருக்கார். ஏதாவது பண்ணு" என்றாள். மகள் என்னை மாப்பிள்ளையின் ஆபீசுக்கு அனுப்பிவைத்தாள். எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அந்த ஃப்ரிட்ஜ்தான்.

நீங்கள் கேட்பது கொசு என்கிற அந்தப் பையனின் கையைப் பற்றி. தெரியும் அம்மா, அதற்குத்தான் வருகிறேன். லீக் நடத்தும் சங்கத்திலிருந்து இவ்வளவு தூரம் விசாரிக்க வந்திருக்கிறீர்கள், உங்களை வெறும் கையோடு அனுப்ப மாட்டேன்.

மாப்பிள்ளை நடத்துவது கம்ப்யூட்டர் விளையாட்டு அணி. ஐந்து பேர் இந்தப் பக்கம், ஐந்து பேர் அந்தப் பக்கம், திரைக்குள் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டே இருப்பார்கள். முதல்நாள் பயிற்சி அறைக்குள் நுழைந்தபோது, அங்கே ஓடிய ஏசியில் ஒரு பென்குவின் குடும்பம் பிள்ளைகுட்டிகளோடு சௌக்கியமாகக் குடித்தனம் நடத்தலாம் என்று தோன்றியது. மாப்பிள்ளைதான் சௌக்கியமாக இல்லை. வருடா வருடம் இறுதிப் போட்டிக்குப் போவதும் ஒரே அணியிடம் தோற்பதுமாக, தலையில் பாதி முடியைத் தொலைத்திருந்தார்.

"நம்ம பசங்க நல்லாத்தான் ஆடறாங்க மாமா. அவங்க இன்னும் நல்லா ஆடறாங்க. அவ்வளவுதான் பிரச்சினை" என்றார்.

"அவ்வளவுதானே மாப்பிள்ளை. அவங்களை ஆடாம பண்ணிட்டாப் போச்சு" என்றேன்.

சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். அது வேடிக்கைப் பேச்சு இல்லை என்று அவருக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

நான் வேலை பார்த்ததெல்லாம் நூல் மில்லில், ஆள் எடுக்கும் பிரிவில். போட்டி மில்லில் ஒரு நல்ல ஃபிட்டர் இருக்கிறான் என்றால், அவன் எந்தப் பக்கமாகத் திரும்பிப் படுப்பான் என்பதுவரை எனக்குத் தெரிந்திருக்கும். பேசிப் பேசி இங்கே கொண்டுவந்துவிடுவேன். வந்தவனுக்கு இங்கே வேலை இருக்கிறதா என்பது வேறு விஷயம். கிடங்கில் ஸ்டூல் போட்டு உட்கார வைப்போம். அவன் எங்களிடம் இருந்தால் அங்கே இல்லை. அங்கே இல்லையென்றால் அங்கே மெஷின் நிற்கும். முதலாளி என்னைத் தட்டிக்கொடுப்பார். தட்டிக்கொடுத்துத் தட்டிக்கொடுத்தே என் இடது தோள் வலதைவிட ஒரு அங்குலம் இறங்கிவிட்டது, வேண்டுமானால் பாருங்கள்.

எதிர் அணி ஒரு டயர்க் கடையின் மாடியில் குடியிருந்தது. அதில் இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். ஒருத்தி, எப்போது பதுங்க வேண்டும், எப்போது பாய வேண்டும் என்று மற்ற நால்வருக்கும் ஹெட்செட்டில் சொல்கிறவள். அதட்டுகிற அதட்டலில் எல்லோரும் அவளை டீச்சர் என்பார்கள். இன்னொருவன் கொசு. இருபது வயது, ஒட்டடைக்குச்சி உடம்பு. யாராலும் அடிக்க முடியாது, அடிக்கப் போனால் கடித்துவிட்டுப் போயிருப்பான், அதனால் அந்தப் பெயர்.

அரங்கில் அவர்கள் ஆடி முதன்முதலாகப் பார்த்தேன். கூட்டம் போட்ட கூச்சலில் கூரை ஒரு சாண் மேலே போய்த் திரும்ப வந்து உட்கார்ந்தது. எல்லோரும் கொசுவின் வலது கையைப் பார்த்தார்கள். பெரிய திரையில் அதை மட்டும் தனியாகக் காட்டினார்கள். நான் டீச்சரின் உதட்டைப் பார்த்தேன். அது அசையும், இவன் கை அசையும். இரண்டுக்கும் நடுவில் ஒரு முடியைக்கூட நுழைக்க முடியாது. அந்த இடத்தில்தான் நுழைய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரனோடு போட்டி அணிக்காரர்கள் பேசக் கூடாது என்பது உங்கள் விதி. நல்ல விதி. அதை நான் ஒருநாளும் மீறவில்லை, குறித்துக்கொள்ளுங்கள். கொசுவோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் அம்மாவோடு பேசினேன்.

அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். வீட்டில் உட்கார்ந்து என் கண்ணாடித் திருகாணியை நானே ஊசியால் தளர்த்திவிட்டு, தடுமாறிக்கொண்டே கடைக்குப் போவேன். பாதி வழி உண்மையாகவே தடுமாறினேன், ஒரு தடவை தபால்பெட்டிக்கு வணக்கம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

"மறுபடியும் லூஸாயிடுச்சா அண்ணா? கண்ணாடியை மாட்டிக்கிட்டு குஸ்திக்குப் போறீங்களா என்ன?" என்பார் அந்த அம்மா.

"வீட்ல இருக்கிறவளோட பேசறதே குஸ்திதானே தங்கச்சி" என்பேன்.

ஒருநாள் திருகாணியை முடுக்கிக்கொண்டே அவராகச் சொன்னார். "எனக்கு ஒரே பையன் அண்ணா. டயர்க் கடை மாடியில கரண்ட் ஒயர் மேல படுத்துத் தூங்கறான். என்ன சாப்பிடறான்னு கேட்டா, சாப்பிட்டேனான்னு என்னையே கேக்கறான்."

அதற்குமேல் எனக்கு அதிக வேலை இருக்கவில்லை. எங்கள் அணி வீட்டில் தனி அறை, மெத்தை, சமையல்காரர், டாக்டர் எல்லாம் உண்டு என்றேன். எல்லாமே உண்மை. அவனுடைய பழைய ஒப்பந்தம் முடிந்த மறுநாளே அம்மா கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார். கையெழுத்துப் போடும் முன் அவன் ஒன்றே ஒன்று கேட்டான். "டீச்சரையும் எடுப்பீங்களா மாமா?" அம்மாவுக்கு நான் அண்ணன் என்பதால் அவனுக்கு மாமா.

"அவளை விட்டுட்டு எடுப்போமா?" என்றேன். எடுப்போம் என்று நான் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன்.

பயிற்சி ஆட்டத்தில் கொசு சுவரைச் சுட்டான். இன்னொரு ஆட்டத்தில் எங்கள் ஆளையே சுட்டான். காதில் வேறு குரல் கேட்டதும் அவனுக்குக் கை ஓடவில்லை. மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். "என்ன மாமா, இவ்வளவு பாடுபட்டு ஒண்ணுத்துக்கும் உதவாதவனைப் பிடிச்சிட்டு வந்திருக்கீங்க?"

"ஆட வைக்கவா கூட்டிட்டு வந்தேன்?" என்றேன். அந்த வருடம் கோப்பை எங்களுக்கு. டீச்சர் இருந்த அணி காலிறுதியிலேயே வெளியே போனது.

பிறகு கொசு எங்கள் அணி வீட்டு மாடி அறையில் இருந்தான். ஐந்து வருட ஒப்பந்தம். எங்கள் அனுமதி இல்லாமல் வேறெங்கும் ஆடக் கூடாது, பொழுதுபோக்காகக்கூட, வேறு பெயரில்கூட. அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது நான்தான். டீச்சருக்குப் போன் செய்யட்டுமா என்று ஒருநாள் கேட்டான். உங்கள் விதியை எடுத்துச் சொன்னேன். போட்டி அணியோடு பேசக் கூடாதப்பா, உனக்கும் கெட்ட பேர், அவளுக்கும் கெட்ட பேர். தலையாட்டினான். நல்ல வளர்ப்பு.

சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. தினமும் மாடி ஏறிப்போய்ப் பேசிக்கொண்டிருப்பேன். என் மில் கதைகளையெல்லாம் கேட்ட ஒரே ஜீவன் அவன்தான். ஆரம்பத்தில் சிரிப்பான். அப்புறம் "சரி மாமா" என்பான். அப்புறம் அதுவும் இல்லை. தலைமுடியை வெட்டிக்கொள்ளச் சொன்னால், எதுக்கு என்று பார்ப்பான். இந்த விளையாட்டில் இருபத்தைந்து வயதானால் கிழவன் என்கிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் எனக்கு இரண்டு தடவை இறுதிச் சடங்கு முடிந்திருக்க வேண்டும். அவன் வெளியே வரும்போது இருபத்தைந்து ஆகியிருக்கும். பொறுத்திருந்தால் போதும் என்றுதான் இருந்தேன். அவசரம் என்னுடையது இல்லை.

அவசரப்பட்டவள் டீச்சர். இரண்டாம் வருடக் கடைசியில் புதிய ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி லீக் பட்டியலில் ஏறி வந்துகொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் எங்கள் வாசலில் வந்து நின்றாள். மாப்பிள்ளையைப் பார்க்க முறைப்படி நேரம் வாங்கியிருந்தாள். நான் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"நீங்கதானா அந்தத் தாத்தா?" என்றாள்.

எனக்குக் காதோரம் மட்டும்தான் நரை. இருந்தாலும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எங்க ஆளை எடுத்தீங்க, அது உங்க சாமர்த்தியம். அதைக் கேக்க வரல. ஆட விடுங்க தாத்தா. எங்களுக்கு எதிராவே ஆடட்டும். நான் அவன்கிட்ட தோத்துட்டுப் போறேன், பரவாயில்ல. இப்படிப் பூட்டி வைக்காதீங்க."

"யாரும்மா பூட்டினது? கதவு திறந்துதான் இருக்கு" என்றேன்.

"அது இன்னும் மோசம்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போனாள். புத்திசாலிப் பெண். அவளை மில்லில் என்றால் நான் விட்டிருக்க மாட்டேன்.

அவள் போன பிறகு நான் மாடி ஏறினேன். கொசு எனக்கு முதுகைக் காட்டி மேஜை முன் உட்கார்ந்திருந்தான். மேஜை மேல் ஒன்றும் கிடையாது, கம்ப்யூட்டரை எப்போதோ கீழே கொண்டுபோய்விட்டோம். வெறும் மரப்பலகை மேல் அவன் வலது கை நகர்ந்துகொண்டிருந்தது. உள்ளங்கைக்குள் மவுஸ் இருப்பது மாதிரி குவித்து, சட்டென்று இடதுபக்கம், நிறுத்தி, ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு. மறுபடி வலதுபக்கம், இரண்டு தட்டு. அந்த இடத்தில் பலகையின் வார்னிஷ் தேய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. என்னைப் போன்றவனுக்கு விளையாட்டு தெரியாது, கை தெரியும். ஆயிரக்கணக்கான கைகளைப் பார்த்து எடுத்தவன். அந்தக் கை கெடவில்லை. அரங்கில் பார்த்ததைவிட வேகமாக இருந்தது. ஆடாமல் கிடந்து அழுகியிருக்கும் என்று நான் நினைத்திருக்க, அது உள்ளுக்குள் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறதப்பா என்றேன். உடல் காரணத்தால் இனி ஆடவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டால் அன்றோடு ஒப்பந்தம் முடிந்தது, எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரோடு வேண்டுமானாலும் பேசலாம். அந்தப் பிரிவு உங்கள் எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ரொம்ப நாளைக்கு அப்புறம் அவன் வாய் திறந்தான். "ஆடாட்டியும் டீச்சர் என்னைச் சேர்த்துக்குவாளா மாமா?"

"பக்கத்துல உட்கார்ந்து பார்த்துச் சொல்லவும் ஆள் வேணுமில்ல" என்றேன்.

அவன் தன் கையைப் பார்த்தான். அப்புறம் கதவைப் பார்த்தான். கனமான கதவு, தீப்பிடித்தாலும் தாங்கும், மாப்பிள்ளை பார்த்துப் பார்த்துப் போட்டது. நான் காட்டவில்லை. அவனாகத்தான் பார்த்தான்.

எழுந்து போய்க் கையைக் கதவு நிலையில் வைத்தான். கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னேன். "என்னால ரெண்டாவது தடவை தாங்க முடியாது மாமா. ஒரே தடவையில முடிச்சிடுங்க" என்றான். பயப்படாதே என்றேன். எந்த வேலையையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லை எனக்கு. விபத்து என்று நேற்று உங்களிடம் எழுதிக் கொடுத்தேன் இல்லையா, அதை அடித்துவிடுங்கள். கதவைச் சாத்தியது நான்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நான்தான். இந்த வயதில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினேன், படிகளே நகர்ந்து வழிவிட்டன. கண்ணாடிக் கடை அம்மா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க பக்கத்துல இருந்ததால ஆச்சு அண்ணா" என்று அழுதார். எனக்கே கண் கலங்கிவிட்டது.

நான் எதற்காக அந்த மத்தியானம் மாடிக்குப் போனேன் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. மாப்பிள்ளை ஏற்கெனவே உங்களிடம் சொல்லியிருப்பார். டீச்சர் உள்ளே போய் அவரிடம் பேசியிருந்தாள். மாப்பிள்ளைக்கு இளகிய மனசு, முடி மட்டும்தான் போயிருந்தது. அவளை அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பாவம் மாமா, அவன் வயசுல நான் இப்படி இருந்திருந்தா செத்திருப்பேன். விட்டுடலாம். இன்னைக்கே போகட்டும், அவங்களுக்கே ஆடட்டும். நீங்களே போய்ச் சொல்லிடுங்க, உங்ககிட்டதான் அவனுக்குப் பாசம்" என்றார்.

அதைச் சொல்லத்தான் ஏறினேன். நீ போகலாம், நீ ஆடலாம் என்று சொல்ல. அந்தக் கையைப் பார்க்கும்வரைக்கும் சொல்வதாகத்தான் இருந்தேன். நீங்களே யோசித்துப் பாருங்கள். அப்படிப்பட்ட கையை எடுத்து எதிராளியிடம் யாராவது கொடுப்பார்களா?

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளை அவனிடம், "அதான் விட்டாச்சுன்னு மாமா சொன்னாரே, அப்புறம் எப்படிப்பா இது?" என்று கேட்டபோது கொசு என்னைத் திரும்பிப் பார்த்தான். அன்றிலிருந்து மாப்பிள்ளை என்னோடு பேசுவதில்லை. மகள் போனை எடுப்பதில்லை. அவர்கள் கோபம் ஆறிவிடும், குடும்பம் என்றால் அப்படித்தான்.

எனக்குக் கவலையெல்லாம் கொசுவைப் பற்றித்தான். டீச்சர் வந்து அழைத்துப் போயிருக்கிறாள், ஆனால் எத்தனை நாளைக்கு வைத்துக்கொள்வாள், அவளுக்கும் கோப்பை வேண்டாமா. அதனால் என் வீட்டிலேயே வந்து இருந்துகொள்ளச் சொல்லி ஆள் விட்டிருக்கிறேன். முன்னறையை ஒழித்து வைத்தாயிற்று. இனிமேல் அவனை யாரும் போட்டிக்குக் கேட்டு வரப்போவதில்லை, நிம்மதியாக இருக்கலாம். பதில்தான் இன்னும் வரவில்லை. கூச்ச சுபாவம் அவனுக்கு.